டியூப்லைட்டுக்குள் 11,000 டிகிரி என்றால் கண்ணாடி ஏன் உருகவில்லை?

அகல்:

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிளாஸ்மா பற்றி எங்கள் பாடத்தில் நாலு வரிதான் இருக்கிறது. வாயுவை மிகவும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து பிளாஸ்மா ஆகும். சூரியன், மின்னல், டியூப்லைட் ஆகியவை எடுத்துக்காட்டு. அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் சொல்லலாமே என்று தேடிப் படித்ததில், டியூப்லைட்டுக்குள் எலக்ட்ரான்களின் வெப்பநிலை சுமார் 11,000 கெல்வின் என்று கிடைத்தது. அதை வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவி எழுந்துவிட்டாள். "சூரியனோட மேற்பரப்பே 5,500 டிகிரிதானே டீச்சர்? அப்போ டியூப்லைட் அதைவிட ரெண்டு மடங்கு சூடா? எரியும்போதே தொட்டிருக்கேன், லேசான சூடுதான் இருந்துச்சு."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவளுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. கூடவே எனக்கும் இரண்டு சந்தேகம். மெழுகுவர்த்திச் சுடர், அடுப்புச் சுடர் இவையெல்லாம் பிளாஸ்மாவா இல்லையா? ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். அப்புறம், பிரபஞ்சத்தில் 99 சதவீதம் பிளாஸ்மாதான் என்கிறார்களே, அதை அப்படியே பிள்ளைகளிடம் சொல்லலாமா?

வெற்றிடம்:

டீச்சர், அந்தப் பெண் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள்.

நான் வெற்றிடக் கலனுக்குள் உலோகப் படலம் பூசும் வேலை பார்க்கிறேன். ஸ்பட்டரிங் என்போம். ஹார்டு டிஸ்க்கின் காந்தப் படலம், சிப்புக்குள் போகும் உலோக அடுக்கு, கட்டடக் கண்ணாடிக்கு வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு என்று நிறைய இந்த முறையில்தான் பூசுகிறார்கள். பிளாஸ்மாவை ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை.

முதல் விஷயம், டியூப்லைட்டுக்குள் இருப்பது ஒரு வெப்பநிலை அல்ல, இரண்டு. எலக்ட்ரான்களுக்கு 11,000 கெல்வின். அதே குழாயில், அதே நேரத்தில், ஆர்கான் அணுக்களுக்கும் பாதரச அணுக்களுக்கும் நாற்பது டிகிரி செல்சியஸ் சொச்சம். ஒரே இடத்தில் இரண்டு வெப்பநிலை எப்படி என்றால், மின்புலம் இழுக்கும்போது எடை குறைந்த எலக்ட்ரான்கள்தான் சட்டென்று வேகம் பிடிக்கின்றன. அந்த வேகத்தை அவை அணுக்களோடு பங்குபோட வேண்டுமானால் மோத வேண்டும். எலக்ட்ரானைவிட ஆர்கான் அணு 70,000 மடங்குக்கும் மேல் கனம். பாறையில் எறிந்த கோலிக்குண்டு திரும்பி வருகிற மாதிரி எலக்ட்ரான் கிட்டத்தட்ட அதே வேகத்தில் திரும்பிவிடும். ஒரு மோதலில் அது அணுவுக்குக் கொடுப்பது தன் ஆற்றலில் சராசரியாக முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அணுக்கள் சூடேறுவதற்குள் அந்தக் கொஞ்ச வெப்பத்தையும் கண்ணாடிச் சுவர் வாங்கி வெளியே விட்டுவிடுகிறது.

இரண்டாவது விஷயம் எண்ணிக்கை. வெப்பநிலை என்பது ஒரு துகளுக்குச் சராசரியாக எவ்வளவு ஆற்றல் என்று மட்டும்தான் சொல்கிறது. எத்தனை துகள் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. டியூப்லைட்டில் உள்ள காற்றழுத்தமே, அதாவது ஆர்கான் அழுத்தமே, வெளிக் காற்றில் சில நூறில் ஒரு பங்குதான். அதிலும் லட்சம் அணுவுக்கு ஒன்று என்ற அளவில்தான் எலக்ட்ரான் பிரிந்திருக்கிறது. நாலடி டியூப்பில் உள்ள எல்லா எலக்ட்ரான்களின் வெப்ப ஆற்றலையும் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள், ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இதை வைத்துக் கண்ணாடியை உருக்க முடியாது. உங்கள் மாணவியின் கையும் சரி, அந்த 11,000ம் சரி. இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன.

எலக்ட்ரானின் ஆற்றல் வீணாவதில்லை என்பதையும் சொல்லுங்கள். பாதரச அணுவோடு போதிய வேகத்தில் மோதினால் அதைக் கிளர்ச்சியுறச் செய்கிறது. அந்த அணு 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை விடுகிறது. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பூசியிருக்கிறதே, அந்தப் பொடி புற ஊதாவை வாங்கிக்கொண்டு நமக்குத் தெரிகிற ஒளியாகக் கொடுக்கிறது. நாம் பார்ப்பது பொடியின் வெளிச்சத்தைத்தான். பிளாஸ்மாவை நேராகப் பார்க்க வேண்டுமானால் என் கலனுக்கு வர வேண்டும்.

அங்கே அழுத்தம் இன்னும் குறைவு. ஆர்கானை உள்ளே விட்டு, சில நூறு வோல்ட் கொடுத்ததும் ஊதா நிற ஒளி குப்பென்று பற்றும். எலக்ட்ரானை இழந்த ஆர்கான் அணுக்கள், அதாவது அயனிகள், உலோகத் தகட்டில் மோதி அணுக்களைப் பிய்க்கின்றன. அவைதான் பூச வேண்டிய பொருளின் மேல் போய்ப் படிகின்றன. தகடு செம்பாக இருந்தால், பிய்ந்து வரும் செம்பு அணுக்களால் ஒளி பச்சையாகிவிடும். எங்காவது காற்றுக் கசிந்தால் நைட்ரஜன் கலந்து ரோஜா நிறம் தட்டும். அழுத்தம் காட்டும் கேஜைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கசிவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். தகட்டுக்குப் பின்னால் காந்தங்கள் இருக்கின்றன. எலக்ட்ரான்கள் அந்தக் காந்தப்புலத்தில் சிக்கிச் சுற்றுவதால், ஒளியும் தகட்டின் மேல் ஒரு வளையமாகத்தான் நிற்கும். சில வாரம் ஓட்டிவிட்டுத் தகட்டைக் கழற்றினால், அதே வளையத்தில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். மற்ற இடம் போட்ட மாதிரியே இருக்கும். எலக்ட்ரான் எந்தப் பாதையில் ஓடியது என்று உலோகமே வரைந்து காட்டுவது எனக்கு இன்றைக்கும் பெரிய சந்தோஷம்.

இரும்புக்கை:

வெற்றிடம் அண்ணா எழுதியது புரிகிறது. ஆனால் நான் வெல்டிங் செய்பவன். வெல்டிங்கில் பற்றும் மின்பொறி வில்லை ஆர்க் என்போம், அதுவும் பிளாஸ்மாதான். அது 10,000 டிகிரியைத் தாண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் டியூப்லைட்டின் அதே கணக்குதான். ஆனால் என் ஆர்க்கில் எஃகு தண்ணீர் மாதிரி ஓடுகிறதே? அதுவும் இருபது வோல்ட் சொச்சத்தில். டீச்சருடைய மாணவி அடுத்ததாக இதைத்தான் கேட்பாள்.

பிளாஸ்மா கட்டரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கேஸ் கட்டிங்கில் இரும்பை ஆக்சிஜனில் எரித்துத்தான் வெட்டுகிறோம். அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் இவற்றிடம் அது பலிக்காது. பிளாஸ்மா கட்டரில் ஆர்க்கை ஒரு சின்னச் செம்பு நாஸில் வழியாகப் பிழிந்து அனுப்புகிறோம். மின்சாரம் கடத்துகிற எந்த உலோகமாக இருந்தாலும் உருக்கி ஊதித் தள்ளிவிடும்.

இன்னொன்று. தயவுசெய்து வெல்டிங் ஒளியை யாரும் வெறும் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். பார்க்கும்போது வலிக்காது. பல மணி நேரம் கழித்து, தூங்கும் நேரத்தில், கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எரிய ஆரம்பிக்கும். காரணம் புற ஊதாக் கதிர்தான். கூலிங் கிளாஸ் போட்டால் போதும் என்று வேடிக்கை பார்ப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு மனம் பதறும்.

வெற்றிடம்:

அருமையான கேள்வி தம்பி. வித்தியாசம் முழுக்க அழுத்தத்தில் இருக்கிறது.

உன் ஆர்க் சாதாரணக் காற்றழுத்தத்தில் எரிகிறது. அங்கே அணுக்கள் நெருக்கம். ஒரு மோதலில் எலக்ட்ரான் கொடுப்பது சொற்பம்தான், ஆனால் மோதல்கள் அவ்வளவு அடிக்கடி நடப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் கை மாறி, அணுக்களும் எலக்ட்ரான்களின் வெப்பநிலைக்கே ஏறிவிடுகின்றன. இதை வெப்பப் பிளாஸ்மா என்பார்கள். என் கலனில் இருப்பதும் டியூப்லைட்டில் இருப்பதும் குளிர் பிளாஸ்மா. அப்புறம் மின்னோட்டத்தைப் பார். டியூப்லைட்டில் ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. உன் ஆர்க்கில் நூறு ஆம்பியருக்கு மேல். வோல்ட் குறைவாக இருந்தாலும் ஆயிரக்கணக்கான வாட் ஒரு விரற்கடை இடத்தில் இறங்குகிறது. மின்னலும் உன் கட்சிதான். சுமார் 30,000 கெல்வின், அதுவும் முழுக் காற்றழுத்தத்தில். அதனால்தான் மரத்தைப் பிளக்கிறது.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால் கொரோனா, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலம். பத்து லட்சம் கெல்வினுக்கும் மேல். 2021ல் நாசாவின் பார்க்கர் விண்கலம் அதற்குள்ளேயே போய் வந்தது. அதன் கேடயம் சூடானது ஆயிரம் டிகிரி அளவில்தான், அதுவும் பெரும்பாலும் சூரிய ஒளியால். பிளாஸ்மா அவ்வளவு மெல்லியது.

டீச்சர், உங்கள் பாடத்தில் இருக்கும் "மிகவும் சூடாக்கினால்" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடாக்குவது ஒரு வழி, அதுவே இலக்கணம் இல்லை. எலக்ட்ரான் பிரிந்திருப்பது மட்டும்கூடப் போதாது. பிரிந்த எலக்ட்ரான்களும் அயனிகளும் கூட்டாக நடந்துகொள்ள வேண்டும். பிளாஸ்மாவுக்குள் ஒரு கூடுதல் மின்னூட்டத்தை வைத்தால், சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் நகர்ந்து வந்து அதன் புலத்தை மறைத்துவிடும். எவ்வளவு தூரத்துக்குள் மறைக்கும் என்பதற்கு டிபை நீளம் என்று ஒரு அளவு இருக்கிறது. டியூப்லைட்டில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. குழாயின் அகலமோ இருபது மில்லிமீட்டருக்கு மேல். அளவு இப்படி இருந்தால் தயங்காமல் பிளாஸ்மா எனலாம். 1920களில் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் இந்த மாதிரி ஒளிரும் குழாய்களைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார். எலக்ட்ரான் கூட்டம் மொத்தமாக ஊசலாடுவதையும் அவர் குழு அங்கேதான் பார்த்தது. பிளாஸ்மா என்று பெயர் வைத்தவரும் அவர்தான், 1928ல். என்னைக் கேட்டால், வகுப்பில் இந்தக் கூட்டு நடத்தையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வெப்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பர்னர்:

சுடர் பற்றிய கேள்விக்கு நான் வருகிறேன். எரிவாயு கொதிகலன் பராமரிப்பு என் தொழில். சுடரில் மின்னூட்டம் இருக்கிறதா என்று நாங்கள் வாதம் செய்வதே இல்லை, தினமும் அளக்கிறோம்.

கொதிகலனில் தீ அணைந்தும் வாயு வந்துகொண்டே இருந்தால் வெடித்துவிடும். அதனால் தீ எரிகிறதா என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். அதற்குச் சுடருக்குள் ஒரு மெல்லிய உலோகக் கம்பியை நீட்டி வைத்திருப்பார்கள். கம்பிக்கும் பர்னருக்கும் நடுவே மாறுமின்னழுத்தம் கொடுத்தால், சுடர் வழியாகச் சில மைக்ரோ ஆம்பியர் ஓடும். கம்பி சிறியது, பர்னர் பெரியது. அதனால் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் ஓடி, மொத்தத்தில் நேர்மின்னோட்டம் போலக் கிடைக்கும். இந்த ஒருபக்கச் சாய்வுதான் தீ இருப்பதற்கு அத்தாட்சி. ஈரத்தாலோ கரியாலோ கம்பி பர்னரோடு ஒட்டிக்கொண்டால் இரண்டு திசையிலும் சமமாக ஓடும், அப்போது இயந்திரம் நம்பாமல் வாயுவை மூடிவிடும். கம்பியில் வெள்ளையாகப் படலம் கட்டினாலும் மின்னோட்டம் குறைந்து கொதிகலன் நின்றுபோகும். பாதி நேரம் நான் போய்ச் செய்வது அந்தக் கம்பியைத் துடைத்து வைப்பதுதான்.

பிளாஸ்மாவா என்று கேட்டால் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் சுடர் மின்சாரம் கடத்துகிறது, சாதாரணக் காற்று கடத்தாது.

சிற்றலை:

பர்னர் ஐயா தந்த தகவல் தங்கம். அதற்குக் கணக்குப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். மெழுகுவர்த்திச் சுடரின் அதிக சூடே 1,400 டிகிரி அளவுதான். எந்த வெப்பநிலையில் எவ்வளவு அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்று கணக்கிட நம் நாட்டு இயற்பியலாளர் மேக்நாத் சாஹா 1920ல் ஒரு சமன்பாடு தந்தார். அதில் அந்த வெப்பநிலையைப் போட்டால், சுடரில் உள்ள வாயுக்களிலிருந்து வெப்பத்தால் மட்டும் பிரிகிற எலக்ட்ரான் ஒன்றும் தேறாது. பின்னே எங்கிருந்து வருகின்றன? எரியும்போது நடக்கும் வேதிவினையே அயனிகளை உண்டாக்குகிறது. எரிபொருளின் துண்டான சிஎச் என்ற மூலக்கூறு ஆக்சிஜன் அணுவோடு சேரும்போது ஒரு எலக்ட்ரான் வெளியே விழுகிறது. அடுப்பின் நீலச் சுடரில் இது நன்றாகவே நடக்கும், அதைப் பலவீனமான பிளாஸ்மா என்று சொல்லலாம். மெழுகுவர்த்தி எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான். எங்கே கோடு போடுவது என்பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

நான் அமெச்சூர் வானொலிக்காரன், என் பிளாஸ்மா தலைக்கு மேலே இருக்கிறது. சூரியனின் புற ஊதாவும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்களைப் பிரித்து அயனி மண்டலத்தை உண்டாக்குகின்றன. ஒரு கனமீட்டரில் எத்தனை எலக்ட்ரான் என்று தெரிந்தால், அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்குங்கள். கிடைப்பது பிளாஸ்மா அதிர்வெண், ஹெர்ட்ஸில். பகலில் ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் இருந்தால் 9 மெகா ஹெர்ட்ஸ் வரும். நேர் மேலே அனுப்பும் ரேடியோ அலை அதற்குக் கீழே இருந்தால் திரும்பி வரும். மேலே இருந்தால் ஊடுருவிப் போய்விடும். சாய்வாக அனுப்பினால் இன்னும் கொஞ்சம் உயர்ந்த அதிர்வெண்ணும் திரும்பும். 100 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் எஃப்எம் போய்விடுகிறது, சிற்றலை திரும்பி வந்து கண்டம் தாண்டிக் கேட்கிறது.

மார்கோனி 1901ல் அட்லாண்டிக்கைத் தாண்டிச் சமிக்ஞை அனுப்பியபோது, வளைந்த பூமியை அலை எப்படிச் சுற்றியது என்று யாருக்கும் விளங்கவில்லை. மறு வருடமே கென்னலியும் ஹெவிசைடும் வானத்தில் மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்றார்கள். 1924ல் ஆப்பிள்டன் அது இருப்பதைப் பரிசோதனையில் காட்டினார், அதற்காக 1947ல் நோபல் பரிசும் பெற்றார்.

பிள்ளைகளே வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். பழைய ஏஎம் ரேடியோவில் நடுத்தர அலையைப் பகலில் திருப்பினால் பக்கத்து நிலையங்கள்தான். இருட்டிய பிறகு எங்கெங்கோ இருந்து நிலையங்கள் வரிசைகட்டி வரும். 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கீழ் அடுக்கு பகலில் அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அங்கே எலக்ட்ரான்கள் மறுபடி அயனிகளோடு சேர்ந்துவிட, வழி திறக்கிறது. மேலடுக்கில் காற்று மெல்லியது, மறுபடி சேர நேரமாகும், அதனால் அது இரவிலும் நிற்கிறது.

அகல்:

எல்லோருக்கும் நன்றி. சூடு பற்றிய கேள்வி எனக்குத் தெளிந்துவிட்டது, வெல்டிங் ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 99 சதவீதம் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், வகுப்பில் பாதுகாப்பாகச் செய்து காட்ட ஏதாவது இருக்கிறதா?

சிற்றலை:

99 என்பதை எண்ணாகச் சொல்லாமல், "கண்ணுக்கும் கருவிகளுக்கும் தெரிகிற சாதாரணப் பொருளில் மிகப் பெரும்பகுதி" என்று சொல்லுங்கள் டீச்சர். விண்மீன்களும், அவற்றுக்கு நடுவிலும் அண்டங்களுக்கு நடுவிலும் பரவியிருக்கும் வாயுவும் பெரும்பாலும் பிளாஸ்மாதான். ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் இருண்ட பொருள் அந்தக் கணக்கில் வராது.

விண்வெளி காலியாக இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியாது. நாசாவின் வாயேஜர் 1 விண்கலம், சூரியனிலிருந்து வீசும் பிளாஸ்மா ஊதிவைத்திருக்கும் குமிழைத் தாண்டிவிட்டதா என்று தெரிய வேண்டியிருந்தது. பிளாஸ்மாவை நேராக அளக்கும் கருவி 1980லேயே நின்றுபோயிருந்தது. இருந்தது ஒரு ஆன்டெனா மட்டும். 2012 மார்ச்சில் சூரியனில் கிளம்பிய வெடிப்பு ஒரு வருடம் கழித்து அங்கே போய்ச் சேர்ந்து, சுற்றியிருந்த எலக்ட்ரான்களை ஊசலாட வைத்தது. ஆன்டெனாவில் சுமார் 2.6 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வு பதிவானது. மேலே சொன்ன அதே வர்க்கமூலச் சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டால், ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.08 எலக்ட்ரான். குமிழுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அப்படித்தான் 2012 ஆகஸ்டிலேயே அது எல்லையைத் தாண்டிவிட்டது என்று உறுதி செய்தார்கள். சூத்திரத்தைப் பலகையில் எழுதி, பிள்ளைகளையே கணக்குப் போட வையுங்கள். கன சென்டிமீட்டரைக் கனமீட்டராக மாற்ற மறக்கக் கூடாது.

வெற்றிடம்:

செய்து காட்ட, ஒரு பழைய சிடி போதும். அறையை இருட்டாக்கி, டியூப்லைட் ஒளி ஒரு மெல்லிய இடுக்கு வழியாக வரும்படி அட்டையால் மறைத்து, சிடியின் பளபளப்பான பக்கத்தில் அதன் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வானவில்லுக்கு நடுவே சில கோடுகள் மட்டும் பளிச்சென்று தனியாக நிற்கும். ஊதா கலந்த நீலத்தில் ஒன்று 436 நானோமீட்டர், பச்சையில் ஒன்று 546. இவை பாதரச அணு நேராக விடுகிற கோடுகள். பச்சையை ஒட்டிப் பொடியின் ஒளியும் சேர்ந்துகொள்ளும், அதனால் நீலக் கோட்டைக் காட்டுவது நல்லது, அது தெளிவாக இருக்கும். பிறகு இழை பல்பைப் பார்க்கச் சொன்னால் கோடே இல்லாமல் நிறங்கள் தொடர்ந்து ஓடும். சூரியனை நோக்கி மட்டும் சிடியைத் திருப்ப விடாதீர்கள்.

விளக்கை வாங்கும்முன் சரிபாருங்கள். இப்போது டியூப்லைட் என்று மாட்டியிருப்பதில் பாதி எல்ஈடி, அதற்குள் பிளாஸ்மா கிடையாது, பாதரசக் கோடும் வராது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் உள்ள நாடுகள் பாதரச டியூப்களின் உற்பத்தியை 2027க்குள் நிறுத்த 2023ல் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பள்ளியில் பழைய டியூப் எரிகிற ஓர் அறை இருந்தால் இந்த வருடமே காட்டிவிடுங்கள். கழற்றிக் கையில் கொடுக்க வேண்டாம், உடைந்தால் பாதரசம் பரவும், மாட்டியிருக்கிற இடத்திலேயே பார்க்கட்டும்.